உப்பில்லாத களி

ராணியம்மாள் அந்தத் தூக்குப்போசியை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள். சோறு கொண்டுவருகிறவர்கள் அப்படி நிற்பதில்லை.

"இதுல வெசம் இருக்குதுங்க ஐயா" என்றாள்.

அதற்குள் மூடியைத் திறந்துவிட்டிருந்த காசிம் படக்கென்று மூடினான். "வாசனை மூக்குக்குள்ள போயிடுச்சு சார். அதுக்கு ஏதாவது மாத்து மருந்து உண்டா?"

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வாட்ச் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவருடைய துப்பறியும் நிலையம். போலீசில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, மனைவி இறந்த பிறகு வேலையை விட்டவர். அவருடைய உதவியாள் காசிம் இங்கே வருவதற்கு முன்னால் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது, ஆறு பிள்ளைகள், அடங்காத வாய்.

"உட்காருங்கம்மா. முதல்ல இருந்து சொல்லுங்க."

ராணியம்மாள் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள். பாலக்கோட்டுக்கு நாலு மைல் தள்ளிப் புளியங்கொட்டாய். புருஷன் செத்து ஒன்பது வருஷம். மகள் கல்யாணமாகி மைசூர்ப் பக்கம் போய்விட்டாள். குடிசையில் தனியாக இருக்கிறாள். இருபத்தோரு நாளாக, விடிந்து கதவைத் திறந்தால் சங்கிலிக் கொக்கியில் இந்தப் போசி தொங்குகிறது. உள்ளே களி உருண்டை ஒன்று, கீரைக் குழம்பு.

"சாப்பிட்டீங்களா?"

"அய்யோ! ஒரு பருக்கை தொடலீங்க. கோழிங்களுக்குப் போட்டேன். போன வாரம் அதுல ஒண்ணு செத்துப்போச்சு."

"யார் வைக்கிறதுன்னு நினைக்கிறீங்க?"

"வேற யாருங்க? எங் கொழுந்தன் சென்றாயன்தான். அதே ஊருல ஓட்டு வூட்ல மவராசனா இருக்கறான். பையன் பெங்களூர்ல. எங்கிட்டக் கெணத்து மேட்டுல அரை ஏக்கர் இருக்குது. எம் பேருல. அதுக்குக் கேசு போட்டு ஒம்பது வருசமா இழுக்கறான். விக்கவும் முடியல, உழவும் முடியல. நான் செத்தா கேசு நடத்த ஆளில்ல, அவனுக்குத்தானே?"

"பேச்சுவார்த்தை?"

"மொகத்தையே பாக்கறதில்லீங்க."

"நீங்க என்னதான் சாப்பிடறீங்க?"

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ரேஷன் அரிசி வந்தால் கஞ்சி. இல்லாத நாளில் பாலக்கோடு மண்டியில் ஒதுக்கிப் போட்ட தக்காளியைப் பொறுக்கி வந்து ரசம். அவ்வளவுதான். மண்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் யாரோ தருமக்காரர்கள் வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஆதரவற்றவர்களுக்கு உடைத்த கோதுமையும் பருப்பும் எண்ணெயும் கொடுக்கிறார்கள். இரண்டு முறை கேட்டாள். பேரில் நிலம் இருப்பதால் கார்டு கிடையாது என்றுவிட்டார்கள். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கமே அவள் போவதில்லை.

"வரிசைல நிக்கறவங்களப் பாத்தா வயிறு எரியுதுங்க" என்றாள்.

மாதேஸ்வரன் அவளுடைய கழுத்தெலும்பைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். "உங்க ஊர்ல இந்த மாசம் எத்தனை கோழி செத்தது?"

"ஊரு பூராச் செத்துதுங்க. வெள்ளக் கழிச்சல்."

"எல்லார் வீட்டுக்கும் போசி வந்ததா?"

ராணியம்மாள் போசியைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலிப் போசியை என்ன பண்ணுவீங்க?"

"கழுவி அந்தக் கொக்கிலயே மாட்டிடுவேன். அடுத்தவங்க பாத்திரத்த நாம எதுக்குங்க வெச்சுக்கறது? மறுநா விடிஞ்சா ரொம்பி இருக்கும். கண்ணு முழிச்சுக்கூடப் பாத்தேன். எந்த நேரத்துல வருதுன்னே தெரியல."

மாதேஸ்வரன் மூடியைத் திறந்தார். களியில் ஒரு துண்டைக் கிள்ளினார். ராணியம்மாள் "வேண்டாமுங்க" என்று கத்துவதற்குள் வாயில் போட்டு மென்றார்.

காசிம் அவரையே பார்த்தான். "ஏதாவது ஆனா அந்த நாற்காலி எனக்குத்தானே சார்?"

"உப்பில்லை" என்றார் மாதேஸ்வரன்.

குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். அதிலும் உப்பில்லை. கரண்டியால் கிளறினார். போசியின் மூடிக்குள் பூவரச இலை மடிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு சிட்டிகைக் கல் உப்பு.

"காசிம், விஷம் வைக்கிறவன் என்ன செய்வான்?"

"ருசி தெரியாம இருக்க உப்பும் மொளகாயும் அள்ளிக் கொட்டுவான் சார்."

"இவன் உப்பே போடலை. தனியா மடிச்சுக் கொடுத்திருக்கான். அப்படின்னா?"

"அவனுக்கு உப்பு ஆகாது. சாப்பிடறவங்களுக்கு வேணும்னு தெரியும். ஒரே அடுப்பு, ஒரே சட்டி." காசிம் குனிந்து களியை உற்றுப் பார்த்தான். "சார், இது சுத்தக் கேவுரு இல்ல. மஞ்சளா நொய்யி தெரியுது. உடைச்ச கோதுமை. இங்க யாரும் காசு குடுத்து வாங்கித் திங்க மாட்டாங்க. இது இப்ப அம்மா சொன்னாங்களே, அந்தத் தருமக் கோதுமை."

"கீரையைப் பார்."

"பாத்தேன். நல்ல கடைசல்."

"தண்டு எங்கே?"

காசிம் கரண்டியை வாங்கித் துழாவினான். ஒரு நார்கூட இல்லை. வெறும் கொழுந்திலை. "பல்லில்லாத ஆளு!"

"பல் கிடையாது, உப்பு ஆகாது, தருமக் கோதுமை வாங்குகிற ஆள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. பாலக்கோடு போறோம்."

ராணியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சென்றாயனுக்கு ஓட்டு வூடு இருக்குதுங்க. அவன் எதுக்குத் தருமக் கோதுமைக்குப் போறான்? ஆள வெச்சுத்தான் செய்யறான்" என்றாள். அந்த எண்ணத்தை விட அவளுக்கு மனசில்லை.

மறுநாள் காலை பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தக்காளி வாசனை முகத்தில் அடித்தது. மண்டிக்கு வெளியே கூடைக்காரர்களும் டிராக்டர்களும் போய்வந்ததில் மிதிபட்ட தக்காளி ரோடெல்லாம் சிவப்பாய்க் கிடந்தது. பக்கத்துக் கொட்டகையில் நாற்பது பேர் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். கோதுமை அளந்துகொண்டிருந்தவர் தங்கம்மாள், ஓய்வு பெற்ற டீச்சர். மேஜைமேல் ஒரு கட்டுப் படிவத்தை வைத்துக்கொண்டு தலையில் கையை வைத்திருந்தார்.

"பணம் குடுக்கற டோனருங்க அனுப்பியிருக்காங்க சார். குடுக்கற கோதுமைய யாரு திங்கறா, எப்படித் திங்கறான்னு எழுதணுமாம். அளக்கறதா, எழுதறதா?"

"நாங்க எழுதித் தரோம்" என்றார் மாதேஸ்வரன்.

அப்படித்தான் துப்பறிவாளரும் உதவியாளரும் அன்று காலை கணக்கெடுப்புக்காரர்கள் ஆனார்கள். படிவத்தில் ஐந்து கேள்வி. நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எங்கிருந்து வந்தது, டாக்டர் எதையாவது விலக்கச் சொன்னாரா, பற்கள் உண்டா. கடைசிக் கேள்வி, யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

முதல் நாலு கேள்விக்கும் சளைக்காமல் பதில் வந்தது. கோதுமையைக் கடையில் கொடுத்துக் கேழ்வரகு மாற்றிக்கொண்டவர்கள் பாதிப்பேர். களி தின்றால்தான் வயிறு நின்றது போலிருக்கும், கோதுமை தின்றால் அரைமணியில் பசிக்கும் என்றார்கள். பருப்பை வெற்றிலைக்கு மாற்றியவர்கள் சிலர். எண்ணெயைப் பேத்திக்கு அனுப்பிவிட்டு, சுட்ட மிளகாயோடு கஞ்சி குடித்தவர் ஒருவர். காய் என்றால் தக்காளி, அதுவும் மண்டி வாசலில் கிடைத்தது. கீரை என்றால் வாய்க்கால் ஓரத்தில் முளைத்தது. பால், முட்டை என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாவது கேள்வியில் சிரிப்பு நின்றது.

"யாரோட சாப்பிட்டீங்க?" என்று பாஞ்சாலியைக் கேட்டான் காசிம். அவள் காலை, மாலை இரண்டு வேளையும் டீயும் பன்னுமாகவே ஓட்டுகிறவள். உப்பு அவளுக்கு ஆகாது.

"பூனை ஒண்ணு இருந்துச்சு. போன மாசம் வரைக்கும்."

காசிம் 'பூனை' என்று எழுதப்போய், ஒரு கோடு மட்டும் போட்டான்.

அடுத்தது முனாப், கண் மங்கிப்போன தையற்காரர். அவருக்கும் உப்பு விலக்கு. பக்கத்து வீட்டில் வடித்துக் கொடுக்கிறார்கள். "யாரோடவா? ரேடியோவோட" என்றார்.

மாதேஸ்வரன் அதை அப்படியே எழுதினார். எழுதும்போது அவருக்குத் தான் சாப்பிடும் மெஸ் ஞாபகம் வந்தது. நாலு வருஷமாக ஓரத்து மேஜை. எதிரில் யாரும் உட்காராமல் இருப்பதற்காக அந்த நாற்காலியில் அவரே பேப்பரை வைத்துவிடுவார். அவரிடம் யாராவது இந்தப் படிவத்தை நீட்டினால் 'பேப்பரோடு' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். யாரும் நீட்டப்போவதில்லை.

"முப்பத்தொம்பது ஆச்சு சார்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் காசிம். "பல்லில்லாதவங்க இருபத்தாறு. உப்பு ஆகாதவங்க ரெண்டே பேரு. பாஞ்சாலி சமைக்கறதே இல்ல, முனாபு சமைக்க முடியாது. இன்னும் கேக்காத ஆளு ஒருத்தரு. அதோ, தலையில துண்டப் போட்டுட்டுத் தூணோரமா உக்காந்திருக்காரு. கார்டுல பேரு மாது. விலாசம் சந்தைக் கொட்டகை. ஆனா அந்தக் கொட்டகையில யாருக்கும் அவரத் தெரியல. செவ்வாக்கெழம மட்டும் வர்றாராம்."

மாதேஸ்வரன் எழுந்து போய் அந்த ஆளின் எதிரில் குந்தினார். அறுபது வயதிருக்கும். கிழிந்த பனியன், அழுக்கு லுங்கி. ஆனால் நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"களிங்க. கேவுரும் கோதுமையும் கலந்து. கீரை கடைஞ்சேன்."

"எத்தனை உருண்டை?"

"ரெண்டு கெளறினேன்."

"ரெண்டும் நீங்களே சாப்பிட்டீங்களா?"

துண்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரை நிமிர்ந்து பார்த்தன. "ஒண்ணு" என்றார் அந்த ஆள் பொக்கை வாயால். "ஒண்ணு போதுங்க எனக்கு."

"யாரோட சாப்பிட்டீங்க?"

கோதுமைப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார்.

அவர் பஸ் ஏறவில்லை. சர்க்கரை ஆலை ரோட்டில் நடந்தார். கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் புழுதியில் மறைந்து மறைந்து இவர்களும் நடந்தார்கள். காசிம் கரும்பு ஒன்றை உருவிக் கடித்தபடி வந்தான். "நம்ம ஆளுக்கு அம்பது கிலோதான் சார் இருக்கும். திங்கறதுலயும் பாதிய யாருக்கோ குடுக்கறாரு. ராணியம்மாவோட சத்துரு இவருக்கு என்ன கொடுத்து இந்த வேலைய வாங்கறான்?"

"பார்ப்போம்."

புளியங்கொட்டாய்க்கு அரை மைல் இருக்கும்போது அந்த ஆள் ஒரு மதகுக்குப் பின்னால் இறங்கினார். ஐந்து நிமிஷம் ஆனது. மேலே ஏறி வந்தவரைப் பார்த்துக் காசிம் கரும்பைக் கீழே போட்டான்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கோதுமைப் பை ஒரு பெரிய துணிக்கடைப் பைக்குள் போயிருந்தது. முதுகுகூட நிமிர்ந்திருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடை பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"வாங்க, வாங்க. பெங்களூர்ல பையன் சொகமா?"

"சொகம், சொகம். நேத்துகூடக் காயிதம் வந்துது" என்று சொல்லிக்கொண்டே அவர் தெருவில் திரும்பினார்.

காசிம் டீக்கடைக்காரரிடம் போனான். "யாருங்க அவரு?"

"தெரியாதா? சென்றாயன்ங்க. அந்த ஓட்டு வூடு."

சென்றாயன் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. பெரிய வீடு. உள்ளே அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று, பாய் ஒன்று. சுவரோரம் வரிசையாக நின்ற தானியக் குதிர்களில் காசிம் ஒன்றைத் தட்டினான். வெறும் சத்தம் வந்தது. அடுத்ததைத் தட்டப் போனவனை மாதேஸ்வரன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சென்றாயன் இவர்களைப் பார்த்ததும் தெருக்கதவைத்தான் முதலில் சாத்தினார். அப்புறம் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"கார்டுல நான் சொன்னதுல பேரும் விலாசமுந்தான் பொய்ங்க. மாதுங்கறது எங்க தாத்தா பேரு. நெலம் இல்லைங்கறது நெசம். கெணறு வத்திப்போச்சு, இருந்ததையெல்லாம் வித்துப் பையன்கிட்டக் குடுத்துட்டேன். பட்டறை வெக்கறேன்னு போனான்."

"கடிதம் போடறானா?"

"ரெண்டு வருசமா இல்லீங்க."

"ராணியம்மா வீட்டுக் கொக்கியில போசி மாட்டறது நீங்கதானே?"

சென்றாயன் பாயில் உட்கார்ந்தார்.

"ஆடி மாசம் மண்டியில பாத்தேங்க. அண்ணி குனிஞ்சு தக்காளி பொறுக்கிட்டு இருந்தாங்க. நானும் பொறுக்கத்தான் போயிருந்தேன். தூணுக்குப் பின்னால மறைஞ்சு நின்னுட்டேன். எங்க அண்ணன் இருந்தப்ப அந்தம்மா கையால எத்தனை நாளு சாப்பிட்டிருப்பேன்! கேசு போட்டது நான். நெலம் அவங்க பேருல இருக்குது, ஆனா ஒரு வெத போட முடியாது. நெலம் இருக்குதுன்னு அவங்களுக்குக் கோதுமை இல்ல. எல்லாத்தையும் தொலைச்சதால எனக்குக் கோதுமை. இது எப்படிங்க எந் தொண்டைக்குள்ள எறங்கும்?"

"கேசை வாபஸ் வாங்கியிருக்கலாமே?"

"ஏன்னு ஊரு கேக்குமுங்களே. பையன் வந்து கேப்பானேன்னு பயம். அப்புறம் அவன் வரவே இல்ல." அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். "உப்பில்லாம அண்ணிக்கு ஒரு வாய் எறங்காது. அதான் மடிச்சு வெப்பேன். தெனமும் பாத்திரம் கழுவி மாட்டியிருக்குதுங்க. அதத் தொட்டுப் பாத்ததும், சரி, இன்னிக்கும் சாப்பிட்டாங்கன்னு நெனச்சுக்குவேன். இந்த வூட்டுக்கு வந்து ஒத்தையில உக்காந்து சாப்பிடறப்ப, அங்க அவங்களும் இதையே சாப்பிடறாங்கன்னு ஒரு தெம்பு."

காசிம் கூரையைப் பார்த்தான். மாதேஸ்வரன் கோழியைப் பற்றிப் பேசவில்லை.

ராணியம்மாளின் குடிசை தெருவின் மறுகோடியில் இருந்தது. இவர்களைக் கண்டதும் வேலியருகே வந்து நின்றாள்.

"யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

"நீங்க சொன்ன ஆள்தான்மா."

"நான் சொல்லல?" என்றாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆளைச் சரியாச் சொன்னீங்க. விஷம்தான் தப்பு."

மாதேஸ்வரன் எதையும் விடாமல் சொன்னார். மண்டித் தூண், மதகு, வெறும் குதிர்கள், வராத கடிதம். அவள் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வெளிச்சம் போய்விட்டது. முடிந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"இருவத்தோரு நாளு! அவன் பட்டினி கெடந்து குடுத்தத நான் கோழிக்குப் போட்டனே..." புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிப்புடாதீங்க. நான் கும்புட்டுக் கேக்கறேன்."

"சொல்லலை."

அவள் எழுந்து உள்ளே போனாள். பானை நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"கொஞ்சம் ரேஷன் அரிசி இருக்குது. தக்காளி ரசம் வெக்கறேன், உப்பில்லாம. வந்து உக்காந்து சாப்பிடச் சொல்லுங்க." படலைத் திறந்து வைத்தாள். "எதுவும் பேச வேண்டாம்னு சொல்லுங்க."

காசிம்தான் சொல்லப் போனான். பொழுது சாயும் நேரத்தில் சென்றாயன் வந்தார். சட்டை இல்லை. அந்தக் கிழிந்த பனியனோடேயே தெரு முழுக்க நடந்து வந்தார். டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கத் தெரியாமல் நின்றார். ராணியம்மாள் தட்டை வைத்தாள். எதிரில் தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் மாதேஸ்வரன் வேலியை விட்டு நகரவில்லை. உள்ளே இரண்டு பேரும் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்கள். தட்டில் கை படும் சத்தம் மட்டும் கேட்டது. பாதிச் சோறு முடிந்திருக்கும்.

"உன் பையன் காயிதம் போடறதில்லையாமே" என்றாள் ராணியம்மாள், தட்டைப் பார்த்தபடி.

"இல்லீங்க அண்ணி."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"என் மவளும் போடறதில்ல" என்றாள்.